சக்கர நாற்காலிக்கு அடியில் ஒரு ரெக்கார்டர்

1975 ஏப்ரல் கடைசி வாரம். லாஸ் ஏஞ்சலஸ் ஸ்போர்ட்ஸ் அரீனாவில் பிங்க் ஃபிளாய்ட் என்ற ஆங்கில ராக் குழு தொடர்ந்து ஐந்து நாள் கச்சேரி செய்தது. போலீஸ் கெடுபிடி கொஞ்சநஞ்சமல்ல. ஐந்து நாளில் 500-க்கும் மேற்பட்டவர்களைப் பிடித்துக்கொண்டு போனார்கள், பெரும்பாலும் கஞ்சா வழக்கில். இத்தனைக்கும் நடுவே, 26-ஆம் தேதி இரவு மைக் மில்லர்டு என்ற உள்ளூர் ரசிகர் ஒரு நாகமிச்சி 550 கேசட் ரெக்கார்டரையும் ஏ.கே.ஜி. மைக்குகளையும் உள்ளே கொண்டுபோய், கச்சேரியைப் பதிவு செய்துகொண்டு வீடு திரும்பினார். அந்த ரெக்கார்டர் சட்டைப்பையில் அடங்குகிற சமாச்சாரம் இல்லை. மில்லர்டின் புகழ்பெற்ற உத்தி சக்கர நாற்காலி. நன்றாக நடக்கக்கூடிய மனிதர், நாற்காலியில் உட்கார்ந்து நண்பரைத் தள்ளச் சொல்லி வருவார். இருக்கைக்கு அடியில் கருவி இருக்கும். நாற்காலியில் வருகிறவரை எழுப்பிச் சோதிக்க எந்தக் காவலாளிக்கு மனம் வரும்?

அந்த 26-ஆம் தேதி டேப் 2025 டிசம்பரில், 'விஷ் யூ வேர் ஹியர்' ஆல்பத்தின் 50-ஆம் ஆண்டுப் பதிப்பில், பிங்க் ஃபிளாய்டின் பெயரிலேயே முறைப்படி வெளிவந்தது. செப்பனிட்டவர் ஸ்டீவன் வில்சன். பணத்துக்கும் ஸ்டுடியோவுக்கும் பஞ்சமே இல்லாத ஒரு குழு, தன் கச்சேரியில் ஒளித்துவைத்து எடுத்த கேசட்டை எடுத்து, 'இதையும் கேளுங்கள்' என்று கடையில் வைக்கிறது. ஜனங்களும் காசு கொடுத்து வாங்குகிறார்கள். அப்படி என்னதான் இருக்கிறது அதில்?

இந்த வகைப் பதிவுகளுக்கு பூட்லெக் என்று பெயர். மதுப்புட்டியைப் பூட்ஸுக்குள் சொருகிக் கடத்திய காலத்தில் பிறந்த அமெரிக்கச் சொல். நம் ஊர் திருட்டு விசிடியோடு இதைச் சேர்த்துவிடக் கூடாது. திருட்டு விசிடி, கடையில் கிடைக்கிற பொருளின் மலிவு நகல். பூட்லெக்கில் இருப்பது கடையில் கிடைக்காத சரக்கு: அந்தக் குழு வெளியிடாத, வெளியிட நினைத்தே பார்க்காத ஏதோ ஒரு ராத்திரி. லெட் ஸெப்லின் என்ற ராக் குழுவின் ஆல்பங்களை ஒன்றுவிடாமல் வாங்கி வைத்திருப்பவர்தான் அவர்களுடைய பூட்லெக்கையும் தேடி அலைவார். ஆல்பத்தையே கேட்காதவருக்கு இது எதற்கு?

ராக் இசைக்கு ரொம்ப முன்பே இந்தப் பித்து இருந்தது. 1900-களின் தொடக்கத்திலேயே நியூயார்க் மெட்ரோபாலிட்டன் ஓபராவின் நூலகர் லயனல் மேப்பிள்சன், மேடையில் பாடியதை மெழுகு உருளைகளில் பிடித்துவைத்தார். 1940-களின் பிற்பகுதியில் டீன் பெனடெட்டி என்ற சாக்ஸஃபோன் கலைஞர், ஜாஸ் மேதை சார்லி பார்க்கர் வாசிக்கும் கிளப்புகளுக்குக் கருவியைத் தூக்கிக்கொண்டு போவார். பார்க்கர் வாசிக்கத் தொடங்கினால் கருவி ஓடும். அவர் முடித்து அடுத்தவர் ஆரம்பித்தால் நிறுத்திவிடுவார். கூட வாசித்தவர்களின் நிலைமையை நினைத்தால் சிரிப்புத்தான் வருகிறது. ஆனால் ரசிகர் பதிவு என்றால் என்ன என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை. எதைக் கேட்க வேண்டும் என்று முடிவு செய்வது கேட்பவரின் காது.

ராக்கில் இது 1969-இல் தொடங்கியது. அந்த ஆண்டு ஜூலை வாக்கில் லாஸ் ஏஞ்சலஸ் கடைகளுக்கு வெறும் வெள்ளை அட்டையில், பாடகர் பெயர்கூட இல்லாமல், ஒரு இரட்டை இசைத்தட்டு வந்தது. பாப் டிலன் வெளியிடாமல் வைத்திருந்த பாட்டுகள். 'கிரேட் ஒயிட் வொண்டர்' என்று அதற்குப் பெயர் ஒட்டிக்கொண்டது. அதில் பெரும்பாலும் வீட்டிலும் ஸ்டுடியோவிலும் பாடியவைதான். கச்சேரியை எடுத்து முதலில் பெயர் வாங்கியது ரோலிங் ஸ்டோன்ஸின் ஓக்லண்ட் கச்சேரி, 1969 நவம்பர் 9. தூரத்து ஒலியைக் குறிவைத்துப் பிடிக்கும் நீள மைக் ஒன்று, தோளில் மாட்டுகிற ஊஹர் டேப் ரெக்கார்டர் ஒன்று, அவ்வளவுதான் முதலீடு. சில வாரங்களில் இசைத்தட்டாகக் கடைக்கு வந்துவிட்டது. பத்திரிகை விமர்சகர்களே அதைப் பாராட்டினார்கள். மறு ஆண்டு செப்டம்பரில் ஸ்டோன்ஸ் தங்கள் நேரடி ஆல்பத்தை வெளியிட்டதற்கு அந்தத் தட்டும் ஒரு காரணம் என்று பலர் எழுதியிருக்கிறார்கள்.

த ஹூ குழு செய்தது இன்னும் வேடிக்கை. 1970-இல் வெளியான அவர்களுடைய 'லைவ் அட் லீட்ஸ்' ஆல்பத்தின் அட்டையைப் பாருங்கள். பழுப்புநிறச் சாதா அட்டை, அதில் ரப்பர் ஸ்டாம்ப் குத்தியதுபோல் பெயர். அச்சு அசல் பூட்லெக் மாதிரி. உள்ளே தட்டின் லேபிளில், கரகர சத்தம் இருக்கும், அதைச் சரிசெய்ய வேண்டாம் என்று குறிப்பு வேறு. போலியைப் பார்த்து அசல் வேஷம் கட்டிக்கொண்ட சமாச்சாரம் இது.

சட்டத்திலும் அப்போது பெரிய ஓட்டை இருந்தது. அமெரிக்காவில் ஒலிப்பதிவுக்கு மத்திய அரசின் பதிப்புரிமைப் பாதுகாப்பு வந்ததே 1972 பிப்ரவரி 15-க்குப் பிறகு பதிவானவற்றுக்குத்தான். மேடையில் பாடுகிறவரின் அனுமதியில்லாமல் பதிவு செய்யக் கூடாது என்ற மத்திய சட்டம் 1994-இல்தான் வந்தது. ஐரோப்பாவில் இத்தாலி போன்ற நாடுகளின் சட்டத் தளர்வைப் பயன்படுத்தி 1990-களின் தொடக்கத்தில் குறுந்தகடுகளாக அச்சடித்துத் தள்ளினார்கள். அது தனிக் கதை. தடை செய்த கனி என்பதால்தான் இனிக்கிறது என்று சிலர் சொல்வதுண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. சட்டப்படி இலவசமாகக் கிடைக்கிற கச்சேரிப் பதிவுகளையும் இதே பித்தோடுதான் கேட்கிறார்கள்.

சரி, உண்மையான ஈர்ப்புக்கு வருவோம். லெட் ஸெப்லினின் 'டேஸ்டு அண்ட் கன்ஃப்யூஸ்டு' முதல் ஆல்பத்தில் ஆறரை நிமிடப் பாட்டு. 1970-களின் நடுவில் அதே பாட்டு மேடையில் அரை மணி நேரத்தையும் தாண்டும். ஜிம்மி பேஜ் வயலின் வில்லை எடுத்துக் கிட்டார் கம்பியில் இழுப்பார். எங்கே போகிறது என்று தெரியாமல் ஒரு பத்து நிமிடம் அலைந்து, திடீரென்று ஜான் பான்ஹமின் டிரம்ஸ் வந்து எல்லாரையும் தரைக்கு இழுத்து வரும். இன்றைக்கு வாசித்தது நாளைக்கு இருக்காது. அவர்கள் 1976-இல் வெளியிட்ட நேரடி ஆல்பத்தில் நியூயார்க் கச்சேரிகளின் ஒரு வடிவம் இருக்கிறது. அதுவும் பல இரவுகளிலிருந்து வெட்டி ஒட்டியது. மற்ற நூற்றுக்கணக்கான இரவுகள்? அவை வந்திருந்தவர்களின் நினைவிலும், யாரோ ஒருவரின் கேசட்டிலும் மட்டும்தான் தங்கின.

சேகரிப்பவர்கள் பாட்டின் பெயரைவிடத் தேதியைத்தான் அதிகம் சொல்வார்கள். '77 ஜூன் 21 கேட்டிருக்கிறாயா?' என்றால், லாஸ் ஏஞ்சலஸ் ஃபோரம் அரங்கில் ஸெப்லின் வாசித்த அந்த இரவு என்று எதிரில் இருப்பவருக்குப் புரிந்துவிடும். அதைப் பதிவு செய்தவரும் நம் சக்கர நாற்காலிக்காரர்தான். ஒரே பாட்டை இருபது இரவுகளில் கேட்பது வெளியாருக்குப் பைத்தியக்காரத்தனமாகத் தோன்றும். ஒரே ராகத்தைப் பத்துப் பேர் பாடி, ஒருவரே பத்துத் தடவை பாடிக் கேட்டுப் பழகியவர்களுக்கு இதில் விளக்க ஒன்றுமில்லை.

இன்னொரு ஈர்ப்பு, பாட்டு வேகாமல் அடுப்பில் இருக்கும்போதே ருசி பார்ப்பது. பிங்க் ஃபிளாய்ட் 'டார்க் சைட் ஆஃப் த மூன்' ஆல்பத்தை 1973 மார்ச்சில் வெளியிட்டது. ஆனால் அதற்கு ஓராண்டுக்கு முன்பிருந்தே மேடையில் அதை முழுசாக வாசித்துக்கொண்டிருந்தார்கள். 1972 பிப்ரவரியில் லண்டன் ரெயின்போ தியேட்டரில் வாசித்ததை யாரோ பதிவு செய்து, ஆல்பம் வருவதற்கு முன்பே பூட்லெக்காக விற்றுவிட்டார்கள். அதைக் கேட்டால் வேறொரு உலகம். பின்னால் சிந்தசைஸர் சுழன்றோடும் 'ஆன் த ரன்' வந்த இடத்தில், அப்போது கிட்டாரும் கீபோர்டும் சேர்ந்து சாவகாசமாக ஒரு ஜாம், அதாவது போகிற போக்கில் வாசிப்பது. பாடகி கிளேர் டோரி உயிரைக் கொடுத்துக் கதறும் பாட்டின் இடத்தில், ஆர்கன் இசைக்கு மேல் பைபிள் வாசகங்கள். உலகமே மனப்பாடம் செய்துவைத்திருக்கிற ஒரு ஆல்பம் இப்படி வேறுமாதிரியும் ஆகியிருக்கலாம் என்பதை இந்த டேப் காதில் போட்டுக் காட்டுகிறது.

1974 இங்கிலாந்துச் சுற்றுப்பயண பூட்லெக்கும் அப்படித்தான். புதிதாக வாசித்த மூன்று பாட்டுகளைத் தட்டாக்கி விற்க, அதுதான் 'டார்க் சைடு'க்கு அடுத்த ஆல்பம் என்று நம்பி வாங்கியவர்கள் உண்டு. அந்த மூன்றில் 'ஷைன் ஆன்' மட்டும் அடுத்த ஆல்பமான 'விஷ் யூ வேர் ஹியர்'க்குப் போனது. மற்ற இரண்டும் பெயரும் வரிகளும் மாறி 1977-இல் 'அனிமல்ஸ்' ஆல்பத்தில் 'டாக்ஸ்', 'ஷீப்' என்று வந்தன. முதலில் சொன்ன லாஸ் ஏஞ்சலஸ் டேப்பிலும் அந்த இரண்டு பாட்டுகளின் பழைய வடிவம் இருக்கிறது. அன்றைக்கு அரங்கில் இருந்தவர்களுக்கு 'ஷைன் ஆன்' பாட்டே புதுசு. ஆல்பம் வர இன்னும் ஐந்து மாதம். கைதட்டல் எங்கே தயங்குகிறது என்று கவனித்துப் பாருங்கள். காவியமாகிவிட்ட ஒரு பாட்டை, காவியம் என்று யாருக்கும் தெரியாத நேரத்தில் ஒரு கூட்டம் கேட்டுக்கொண்டிருக்கிறது. எந்த ஸ்டுடியோவிலும் செய்ய முடியாத பதிவு அது.

கூட்டமே கச்சேரியின் பாதியாகிவிட்ட பதிவும் உண்டு. 1966 மே 17, மான்செஸ்டர் ஃப்ரீ டிரேட் ஹால். டிலன் மின்சாரக் கிட்டாரோடு வந்தது நாட்டுப்புறப் பாட்டு ரசிகர்களுக்குப் பிடிக்கவில்லை. பாட்டுக்கு நடுவே கிடைத்த அமைதியில் ஒருவர் 'யூதாஸ்!' என்று கத்துகிறார். 'நான் நம்பவில்லை, நீ பொய் சொல்கிறாய்' என்று டிலன் திருப்பிச் சொல்லிவிட்டு, இன்னும் பலமாகப் பாட்டைத் தொடங்குகிறார். இது பல வருஷம் லண்டன் ராயல் ஆல்பர்ட் ஹால் கச்சேரி என்ற தப்பான பெயரில் பூட்லெக்காகச் சுற்றியது. அதிகாரப்பூர்வமாக வெளிவந்தது 1998-இல். அப்போதும் அட்டையில் ராயல் ஆல்பர்ட் ஹால் என்ற பெயரை மேற்கோள் குறிக்குள் போட்டு வைத்துக்கொண்டார்கள். பூட்லெக் வைத்த பெயரை மாற்ற இசைத்தட்டு கம்பெனிக்கே மனமில்லை!

ஒலியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். புதிதாகக் கேட்பவர்கள் தடுக்கி விழுவது அங்கேதான். நான்கூட முதல் தடவை ஐந்து நிமிடத்தில் நிறுத்தியவன்தான்.

இந்தப் பதிவுகளில் முக்கியமாக இரண்டு சாதி. ஒன்று சவுண்ட்போர்டு: மேடை மைக்குகளெல்லாம் வந்து சேரும் மிக்ஸரிலிருந்து நேரடியாக ஒயர் போட்டு எடுத்தது. இன்னொன்று ரசிகர் பதிவு: கூட்டத்தில் உட்கார்ந்து மைக் பிடித்தது. முதலாவதுதான் சுத்தமாக இருக்கும், அதனால் அதுதான் உசத்தி என்று தோன்றும். எப்போதும் அப்படி இல்லை. மிக்ஸர் இருப்பது அரங்கில் கேட்கிற ஒலியைச் சரிக்கட்டத்தானே தவிர, டேப்புக்காக இல்லை. கிட்டார் ஆம்ப்ளிஃபயரே அரங்கத்தை அதிரவைக்கும் அளவுக்குச் சத்தமாக இருந்தால், மிக்ஸரில் கிட்டாரை ஏற்ற வேண்டியதில்லை. பாடகரின் குரலுக்கு வேறு வழியில்லை, அதை ஏற்றித்தான் ஆக வேண்டும். விளைவு, சவுண்ட்போர்டு டேப்பில் குரல் காதுக்குள் கத்தும், கிட்டார் எங்கோ பக்கத்துத் தெருவில் வாசிக்கும். கூட்டத்தின் சத்தம் அநேகமாக இருக்காது. ஆயிரக்கணக்கானவர்கள் முன்னால் நடந்த கச்சேரி, ஆளில்லாத கூடத்தில் நடந்ததுபோல் வறண்டு கிடக்கும்.

நல்ல ரசிகர் பதிவில் நிலைமை நேர்மாறு. அங்கே ஒலி, அரங்கத்தின் கூரையிலும் சுவரிலும் பட்டு, காற்றில் கலந்து, ஒரு இருக்கைக்கு வந்து சேர்ந்த பிறகு பதிவாகிறது. பான்ஹமின் பாஸ் டிரம் அடி வயிற்றில் இடிக்கும் என்பார்களே, அந்த இடி மிக்ஸர் ஒயரில் வராது, காற்றில்தான் வரும். மில்லர்டின் டேப்புகளுக்கு மதிப்பு வந்தது இதனால்தான். நல்ல மைக், நல்ல ரெக்கார்டர், நல்ல இருக்கை மூன்றும் அவருக்கு ஒரே இடத்தில் அமைந்தன. பக்கத்து இருக்கைக்காரர் விசிலடிப்பது, யாரோ யாரையோ உட்காரச் சொல்லிக் கத்துவது, பாட்டின் முதல் இரண்டு சுரத்திலேயே கூட்டம் அடையாளம் கண்டு எழும்பும் இரைச்சல், எல்லாம் கூடவே வரும். முதலில் எரிச்சல். அப்புறம் அது இல்லாவிட்டால் ஏதோ குறைகிற மாதிரி ஆகிவிடும். பத்து நிமிடம் பல்லைக் கடித்துக் கேட்டால் காது தானாகவே இரைச்சலைத் தள்ளிவிட்டு இசையைப் பிடித்துக்கொள்ளும். பழைய கிராமஃபோன் தட்டு கேட்டவர்களுக்கு இந்தப் பழக்கம் தெரியும்.

கேசட்டுக்கென்று தனி வியாதிகள் உண்டு. 90 நிமிட கேசட் என்றால் ஒரு பக்கத்துக்கு 45 நிமிடம். மூன்று மணி நேரக் கச்சேரியில் எங்கே பக்கத்தைத் திருப்பினாலும் ஏதாவது அறுபடும். தேர்ந்தவர்கள் பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவில் திருப்பக் காத்திருப்பார்கள். அரை மணி நேரம் கிட்டார் வாசிக்கிற ஆளிடம் அந்தத் தந்திரம் பலிக்காது. மோட்டார் வேகம் பிசகினால் சுருதி ஏறும் அல்லது இறங்கும். பிற்பாடு செப்பனிடுகிறவர்கள், பாட்டின் உண்மையான சுருதியோடு ஒப்பிட்டு வேகத்தைத் திருத்துவார்கள். ஒரு நகலிலிருந்து இன்னொரு நகல் எடுக்க எடுக்க 'ஸ்ஸ்ஸ்' என்ற இரைச்சல் ஏறிக்கொண்டே போகும். அதனால் மூல டேப்பிலிருந்து எத்தனையாவது தலைமுறை என்பது பெரிய கேள்வி. பெண் பார்க்கப் போகிறவர்கள் பூர்வீகம் விசாரிப்பதுபோல் விசாரிப்பார்கள்.

இந்த உலகத்தில் ஒரு எழுதாத விதியும் உண்டு: மாற்றிக்கொள்ளலாம், விற்கக் கூடாது. என்னிடம் இது இருக்கிறது, உன்னிடம் அது இருக்கிறதா என்று பட்டியல் அனுப்பி, தபாலில் கேசட் பரிமாறிய காலம் அது. கொடுக்க ஒன்றுமில்லாத புது ஆளாக இருந்தால், வெற்று கேசட்டும் தபால் செலவும் அனுப்பினால் போதும். இசைத்தட்டு அச்சடித்து விற்றவர்கள் வேறு கூட்டம். இவர்களுக்கு அவர்களைக் கண்டாலே ஆகாது. மில்லர்டு தான் கொடுக்கும் நகல்களில் ரகசிய அடையாளம் வைத்திருந்தாராம், வியாபாரிகள் கைக்குப் போனால் யார் வழியாகப் போனது என்று கண்டுபிடிக்க. அவர் 1994-இல் இறந்தார். மூல டேப்புகளை அழித்துவிட்டார் என்ற வதந்தி வெகுகாலம் உலவியது. அது பொய் என்று பின்னால் தெரிந்தது.

டேப் எடுப்பவர்களைக் கூப்பிட்டு உட்காரவைத்த குழுவும் இருந்தது. கிரேட்ஃபுல் டெட், 1984 அக்டோபரில் பதிவு செய்கிறவர்களுக்கென்றே தனி இடம் ஒதுக்கித் தனி டிக்கெட் விற்றது. மிக்ஸருக்குப் பின்னால் மைக் கம்பங்கள் சவுக்குத் தோப்பு மாதிரி நிற்கும். இதனால் அவர்கள் நஷ்டப்படவில்லை. டேப் கேட்டவன் அடுத்த ஊருக்கும் டிக்கெட் வாங்கினான். கார்னெல் பல்கலைக்கழகத்தில் 1977 மே 8-இல் அவர்கள் வாசித்ததை, குழுவின் ஒலிப்பதிவாளர் பெட்டி கான்டர்-ஜாக்சன் எடுத்த டேப் கைமாறிக் கைமாறி ஊரெல்லாம் பரவியது. அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் அதைத் தேசிய ஒலிப்பதிவுப் பட்டியலில் சேர்த்த பிறகுதான், 2017-இல் அது முறையான ஆல்பமாகவே வந்தது.

மறுபக்கம் ஸெப்லினின் மேலாளர் பீட்டர் கிரான்ட். ஆஜானுபாகு. கூட்டத்தில் மைக்கைப் பார்த்தால் போய்ப் பிடுங்கி உடைப்பார். 1971-இல் வான்கூவரில் அப்படி ஒரு கருவியை நொறுக்கியிருக்கிறார். பிறகுதான் தெரிந்தது, கச்சேரியின் சத்த அளவைச் சோதிக்க வந்த அதிகாரிகளின் கருவி அது! கோபத்தில் நியாயமில்லாமல் இல்லை. பூட்லெக் தட்டு விற்ற காசில் ஒரு சல்லிகூட வாசித்தவருக்குப் போகவில்லை. சொதப்பிய இரவை ஊருக்கெல்லாம் போட்டுக் காட்டுவதை எந்தக் கலைஞர்தான் விரும்புவார்? ராக் கலைஞர் ஃபிராங்க் ஸப்பா மட்டும் 1991-இல் தன் கச்சேரி பூட்லெக்குகளையே எடுத்து, அட்டைப்படத்தோடு அப்படியே நகலடித்து, தானே விற்றுப் பழிதீர்த்துக்கொண்டார்.

ஆனால் சொதப்பிய இரவுகளுக்கும் கேட்பவர்கள் இருக்கிறார்கள். 1977 ஜூலை 6, மான்ட்ரியல் ஒலிம்பிக் ஸ்டேடியம், பிங்க் ஃபிளாய்ட் சுற்றுப்பயணத்தின் கடைசி நாள். குழுவின் பாடகர் ரோஜர் வாட்டர்ஸ் அக்கவுஸ்டிக் கிட்டாரோடு மெதுவான ஒரு பாட்டை எடுக்கிறார். கூட்டத்தில் பட்டாசு வெடிக்கிறது. நிறுத்துகிறார். பட்டாசையும் கூச்சலையும் நிறுத்துங்கள், நான் இங்கே பாட்டுப் பாட முயற்சி செய்துகொண்டிருக்கிறேன் என்று கெட்ட வார்த்தையோடு கத்துகிறார். அன்றைக்குத்தான் முன்வரிசை ரசிகர் ஒருவர் மேல் எச்சில் துப்பினார். அந்த வெட்கத்திலிருந்து 'த வால்' ஆல்பம் பிறந்ததாக அவரே பலமுறை சொல்லியிருக்கிறார். துப்பியது டேப்பில் கேட்காது. வெடிச் சத்தம் கேட்கிறது, அவர் குரல் ஏறுவது கேட்கிறது. கடைசியில் குழு ஒரு நிதானமான ப்ளூஸ் வாசிக்கிறது. அதில் டேவிட் கில்மோரின் கிட்டார் இல்லை. வெறுத்துப்போய் மேடையிலிருந்து இறங்கிய அவர், அரங்கத்துக்குள் மிக்ஸர் பக்கமாக நின்று, கூட்டத்தோடு கூட்டமாகக் கேட்டுக்கொண்டிருந்தார்.